புளிப்பு சொல்லும் சேதி: செல்கள் அமிலத்தை எப்படி அறிகின்றன?

முழங்காலில் கட்டி கிளம்பினால் அம்மாயி முதலில் தேடுவது சுண்ணாம்பு டப்பியைத்தான். அந்தியூரில் அதற்குப் பஞ்சமில்லை. சுற்றுவட்டாரமெங்கும் வெற்றிலைக் கொடிக்கால், சந்தையில் கட்டுக்கட்டாக வெற்றிலை. வெற்றிலை போடாதவர் வீட்டில்கூட, வருகிறவர்களுக்கென்று ஒரு டப்பி இருக்கும். கொட்டாங்குச்சியில் மஞ்சள்தூளைப் போட்டு, விரல்நுனியளவு சுண்ணாம்பு வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைப்பார். குழைக்கும்போதே மஞ்சள் மறைந்து குங்குமச் சிவப்பு வந்துவிடும். அதைக் கட்டியைச் சுற்றிப் பற்றாகப் பூசிவிட்டு, "கைய வெச்சுப் பாரு கண்ணு, எப்படித் தகிக்குதுன்னு" என்பார். வைத்துப் பார்த்தால், இறக்கி வைத்த தோசைக்கல்லின் ஓரம் மாதிரி சுடும்.

அதே சமையலறையில் ஒரு மூலையில் பால் உறைந்துகொண்டிருக்கும். இன்னொரு மூலையில் குண்டாவில் தோசைமாவு பொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் சிவந்தது, பால் உறைந்தது, மாவு புளித்தது, கட்டி தகித்தது. இந்த நான்கையும் ஒரே நூல் கோத்திருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால், நம் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்போது பாய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று எப்படி முடிவெடுக்கின்றன என்ற இடத்துக்குப் போய்ச் சேரலாம். சமையலறையிலிருந்தே கிளம்புவோம்.

முதல் படி: புளிப்பு என்றால் என்ன?

புளி, எலுமிச்சை, தயிர், மோர் என்று எதை நாக்கில் வைத்தாலும் 'புளிப்பு' என்று நாம் சொல்வது புரோட்டானைத்தான். ஹைட்ரஜன் அணு தன் ஒற்றை எலக்ட்ரானை இழந்துவிட்டால் மிஞ்சுவது அது. நேர் மின்னூட்டம் கொண்ட மிகச் சிறிய துகள். அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் அளவுகோல்தான் பி.எச். 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன் சோரன்சன் இதை உருவாக்கினார். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஓர் எண் இறங்கினால் புரோட்டான்கள் பத்து மடங்கு பெருகிவிட்டன என்று பொருள்.

நல்ல பாலின் பி.எச். ஏறக்குறைய 6.7. உறை ஊற்றி, தயிராகும்போது அது 4.5 அளவுக்கு இறங்குகிறது. இரண்டு எண்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இரவுக்குள் பாத்திரத்தில் புரோட்டான்கள் நூறு மடங்குக்கு மேல் பெருகியிருக்கின்றன. நம் ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கிறது. இவ்வளவு இறுக்கமாகக் காக்கப்படும் உடம்பில், ஓரிடம் மட்டும் 6.8க்கோ 6.5க்கோ இறங்கினால் அது சின்ன விஷயமல்ல. அங்கே ஏதோ நடக்கிறது.

இரண்டாம் படி: கட்டிக்குள் உறை ஊற்றியது யார்?

பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கழிக்கின்றன. 1780இல் ஸ்வீடன் வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்ததும் புளித்த பாலிலிருந்துதான். நம் உடம்புச் செல்களுக்கும் இதே கைவேலை தெரியும். ஆக்சிஜன் போதாதபோதும், அவசரமாக ஆற்றல் வேண்டும்போதும், அவை குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளும்.

கட்டியில் நடப்பது இதுவே. கிருமி நுழைந்ததும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. இவை பெரும்பாலும் சர்க்கரையை அவசரமாக உடைத்தே பிழைப்பவை. வீங்கிய இடத்தில் ரத்த ஓட்டமும் தடைபடுகிறது. உள்ளே அமிலம் சேர்கிறது, வெளியேற வழி குறைகிறது. மூடி போட்ட குண்டாவில் மாவு புளிப்பது போல அந்த இடம் புளிக்கிறது. உறை ஊற்றியது கிருமி மட்டுமல்ல. காக்க வந்த நம் செல்களும் சேர்ந்தே ஊற்றின.

இதற்கு அன்றாடச் சாட்சி பல் மருத்துவரிடம் கிடைக்கும். பல்லின் வேரில் சீழ் கோத்திருக்கும்போது மரத்துப்போவதற்கான ஊசி சரியாகப் பிடிக்காது. ஊசி மருந்தின் மூலக்கூறுகளில் புரோட்டான் ஒட்டிக்கொள்வதால் அவை மின்னூட்டம் பெற்று, நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. 'எனக்கு மட்டும் ஏன் மரத்துப்போகவில்லை' என்று வலியில் தவிப்பவரின் ஈறு அப்போது புளித்துக் கிடக்கிறது.

மூன்றாம் படி: மஞ்சள் சிவக்கும் மர்மம்

இப்போது கொட்டாங்குச்சிக்குத் திரும்புவோம். ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் நிறத்துக்குக் காரணம் குர்குமின். அமிலத்திலும் நடுநிலையிலும் குர்குமின் மஞ்சளாகவே இருக்கும். சுண்ணாம்பு கடுங்காரம். அது குர்குமினிடமிருந்து புரோட்டானைப் பறித்துக்கொள்கிறது. ஒரு புரோட்டான் போனதும் மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. அது ஒளியை விழுங்கும் விதம் மாறி, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் சிவப்பதும், பிறகு அலசும்போது மஞ்சளாகத் திரும்புவதும் இதனால்தான். பறித்த புரோட்டானைக் கொடுத்தால் பழைய நிறம் வந்துவிடும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பற்று சிவந்தது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததால். கட்டிக்குள் இருக்கும் அமிலத்தை அந்தச் சிவப்பு காட்டவில்லை. ஆனால் அது காட்டும் பாடம் பெரியது: ஒரு மூலக்கூறில் ஒரே ஒரு புரோட்டான் ஏறினாலோ இறங்கினாலோ அதன் இயல்பே மாறிவிடலாம்.

புரதங்களுக்கும் இது பொருந்தும். பாலில் உள்ள கேசின் புரதத் துகள்கள் எதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு ஏறி, புரோட்டான்கள் வந்து ஒட்டியதும் அந்தத் தள்ளல் அடங்குகிறது. துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தயிர் இறுகுகிறது. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஹிஸ்டிடின் என்று ஒன்று உண்டு. அது புரோட்டானை ஏற்பதா விடுவதா என்று தடுமாறும் புள்ளி ஏறக்குறைய பி.எச். 6. புரதத்துக்குள் அது இருக்கும் இடத்தைப் பொறுத்து இந்தப் புள்ளி 7ஐ நோக்கி நகரவும் செய்யும். உடம்பில் ஓர் இடம் புளிக்கத் தொடங்கும் எல்லையும் அதுவே. மஞ்சளுக்குச் சுண்ணாம்பு எப்படியோ, ஹிஸ்டிடினுக்குக் கட்டியின் புளிப்பு அப்படி.

நான்காம் படி: வாசலில் நிற்கும் ஆள்

நாக்கில் புளிப்பை அறியும் செல்களில் ஓடோப் 1 என்ற வாய்க்கால் இருப்பதை 2018இல் அமெரிக்காவில் எமிலி லைமன் குழு கண்டது. அதன் வழியே புரோட்டான் நேராகச் செல்லுக்குள்ளேயே நுழைகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் வேறொரு வழியும் வைத்திருக்கின்றன. விருந்தாளியை உள்ளே விடாமல் வாசலிலேயே பார்த்து, யார் வந்திருக்கிறார் என்று உள்ளே சொல்லியனுப்பும் வழி அது.

வாசலில் நிற்கும் அந்த ஆள்தான் ஏற்பி. பவானி ஜமக்காளத்தில் ஊடை நூல் பாவுக்குள் போய் வருவது போல, இந்தப் புரதம் செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. அதன் ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே. இந்தக் குடும்பத்தை ஜி-புரத ஏற்பிகள் என்பார்கள். மனித உடம்பில் இவை 800 வகைக்குக் குறையாமல் உண்டு. இன்று புழங்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றில்தான் வேலை செய்கிறது. இவை இயங்கும் விதத்தை விளக்கியதற்காக ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரையன் கோபில்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இவற்றில் சில ஏற்பிகள் அமிலத்தை உணர்கின்றன என்பது 2003இல் தெரியவந்தது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் நோவார்ட்டிஸ் நிறுவன ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஜி.பி.ஆர்.68 என்ற ஏற்பி பி.எச். 7.8இல் சும்மா இருந்தது, 6.8க்கு இறங்கியதும் முழுமூச்சாக வேலை செய்தது. வெளிப்பக்கம் இருந்த ஹிஸ்டிடின்களை மாற்றியபோது அந்த உணர்வு மங்கியது. 2025இல் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் செல் இதழில் இன்னும் நுட்பமான படத்தைத் தந்தார்கள். புளிப்பை உணர்வது ஒரே ஒரு இடமல்ல. வெளிப்புறத்திலிருந்து ஏற்பியின் நடு ஆழம்வரை பரவியிருக்கும் பல அமினோ அமிலங்கள் கூடிச் செய்யும் வேலை அது.

புரோட்டான் ஒட்டியதும் ஏற்பி சற்றே முறுக்கிக்கொள்கிறது. உள்ளே அதன் கால்மாட்டில் காத்திருக்கும் ஜி-புரதம் விடுபட்டு ஓடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாயி "ஓடிப்போய் அத்தைகிட்ட சொல்லு சாமி" என்று பேரனை விரட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பேரன் உள்ளே போய் ஒருவரிடம் சொல்கிறான். அவர் எல்லார் காதிலும் விழும்படி குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் பெரும்பாலும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. ஒரு சேதி பல மடங்காகச் செல் முழுக்கப் பரவுகிறது. எந்த மரபணுவை இயக்குவது, எதை அடக்குவது என்பது அதைக் கேட்டுத்தான் மாறுகிறது.

ஐந்தாம் படி: ஒரே புளிப்பு, வெவ்வேறு உத்தரவு

கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பந்தி நிறைந்துவிட்டது என்ற ஒரே சேதி எல்லோருக்கும் போகிறது. ஆனால் வாசலில் நிற்பவர் ஒன்று செய்வார், அடுப்படியில் நிற்பவர் வேறொன்று செய்வார்.

ஜி.பி.ஆர்.4 ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் அதிகம். சுற்றுப்புறம் புளித்தால் சுவரில் ஒட்டும் மூலக்கூறுகள் முளைக்கின்றன. ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி நின்று திசுவுக்குள் இறங்குகின்றன. 'வாங்க, இந்தப் பக்கம்' என்று கூப்பிடும் ஆள் இது.

ஜி.பி.ஆர்.68 பல திசுக்களில் இருக்கிறது. புளிப்பு பட்டால் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. குடலில் இது அழற்சியைத் தூண்டிவிடுவதாகத் தெரிகிறது. இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி குறைவாகவே வந்தது. 'இன்னும் ரெண்டு விறகு வை' என்கிற ஆள்.

ஜி.பி.ஆர்.65 வெள்ளையணுக்களுக்கே உரியது. கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கிகளிலும் டி செல்களிலும் இருக்கிறது. புளிப்பு ஏறும்போது இது சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டி, அழற்சியை மூட்டும் டி.என்.எஃப். போன்ற சேதிப் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. 'போதும், அடுப்பை அமத்து' என்பவர் இவர். நான்காவதான ஜி.பி.ஆர்.132 புளிப்பை எவ்வளவு உணர்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

வாசலில் ஒருவர் கூப்பிடுகிறார், ஒருவர் விறகு வைக்கச் சொல்கிறார், ஒருவர் அமத்தச் சொல்கிறார். முரணாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு செல்லில், வெவ்வேறு அளவுப் புளிப்பில் வேலை செய்கிறது. அமத்தச் சொல்பவர் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஜி.பி.ஆர்.65இன் 231ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருப்பவர்களுக்கு நாள்பட்ட குடல் அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே ஒரு எழுத்துப் பிழை, ஆண்டுக்கணக்கான வயிற்றுப்போக்குக்கு வழி திறந்துவிடலாம்.

வாசலைத் தாண்டியும் காவல் இருக்கிறது. செல்லின் கருவுக்குள் பி.ஆர்.டி.4 என்ற புரதம் சிறு திரள்களாகக் கூடி அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. செல்லுக்குள்ளும் புளிப்பு ஏறினால் அந்தத் திரள்கள் மாவில் கட்டி கரைவது போலக் கரைந்துவிடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் ருஸ்லான் மெட்ஷிடோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள்.

இதில்தான் என் மனம் நிற்கிறது. தயிரில் பாக்டீரியா தான் கழித்த புளிப்பாலேயே ஒரு கட்டத்தில் வளராமல் நின்றுவிடுகிறது. அதனால்தான் தயிர் தயிராக நிற்கிறது. நம் வெள்ளையணுக்களும் தாம் உண்டாக்கிய புளிப்பைத் தாமே ருசி பார்த்து, வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அறிந்துகொள்கின்றன. புளிப்பு வெறும் கழிவாக இருந்திருந்தால் உடம்பு அதை அள்ளிக் கொட்டியிருக்கும். இங்கே அது கணக்குச் சொல்கிறது.

ஆறாம் படி: ஏன் தகிக்கிறது?

கட்டி சுட்டதற்கு ரத்தம் அங்கே பெருகியது ஒரு காரணம். எரிவதற்கு இன்னொரு காரணம் மிளகாயில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அது திறக்கும். அதனால்தான் காரம் 'சுடுகிறது' என்று தோன்றுகிறது. ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பியின் வெளிப்புறத்தில் புரோட்டான் ஒட்டினால் அது திறக்கும் வெப்ப எல்லை கீழே இறங்கிவிடுகிறது. அப்போது உடம்பின் சாதாரணச் சூடே நெருப்பாகப் படும். வாய்ப்புண் இருக்கும்போது ஆறிய ரசம்கூட எரிவது இதனாலும்தான். நரம்பும் வெள்ளையணுவும் ஒரே புளிப்பைத்தான் படிக்கின்றன. ஒன்று நம்மிடம் வலியாகச் சொல்கிறது, மற்றொன்று நமக்குத் தெரியாமல் வேலையில் இறங்குகிறது.

ஏழாம் படி: பொய்ச் சேதி அனுப்பும் புற்று

எந்தச் சேதியையும் பொய்யாகச் சொல்ல முடியும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் புற்றுச் செல்கள் சர்க்கரையை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலம் கழிக்கின்றன. 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார். புற்றுக்கட்டிகளின் சுற்றுப்புறம் பெரும்பாலும் 6.5க்கும் 6.9க்கும் இடையில் புளித்திருக்கும்.

கொல்ல வந்த பெருவிழுங்கி அந்த வாசலுக்கு வருகிறது. அதன் ஜி.பி.ஆர்.65 புளிப்பைப் படித்து, 'வேலை முடியும் கட்டம், அமத்து' என்று உள்ளே சொல்கிறது. 2014இல் யேல் ஆய்வாளர்கள், புற்றின் லாக்டிக் அமிலம் பெருவிழுங்கிகளைப் புண்ணை ஆற்றும் வகையாக மாற்றுவதைக் காட்டினார்கள். அவை புது ரத்தக்குழாய் வளர உதவுகின்றன. புற்றுக்குத்தான் அது தீனி. 2018இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகக் குழு, புளிப்பு சைக்ளிக் ஏ.எம்.பி. வழியாகவே இந்த அடக்கத்தை உண்டாக்குவதை எலிகளின் தோல் புற்றில் கண்டது. வீட்டுக்குள் திருடன் புகுந்து, 'எல்லாம் ஆச்சுங்க, நீங்க போய்ப் படுங்க' என்று காவலுக்குச் சொல்வது போன்றது இது. அந்தப் பொய்யைக் காதில் வாங்காதபடி ஜி.பி.ஆர்.65ஐ அடைக்கும் மருந்து மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது.

மோரும் காரத் தண்ணீரும்

இதைப் படித்ததும் 'அப்படியானால் புளிப்பைக் குறைத்துக்கொண்டால் போதுமா' என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வியை வைத்துத்தான் 'ஆல்கலைன்' எனப்படும் காரத் தண்ணீர் இயந்திரம் விற்கிறார்கள். புற்றுநோயாளி இருக்கும் வீடுகளில் கடன் வாங்கியாவது அதை வாங்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை. நாம் குடிக்கும் எதுவும் முதலில் பி.எச். 2 அளவில் இருக்கும் வயிற்று அமிலத்தில்தான் விழுகிறது. அதற்கு மேல் ரத்தத்தின் பி.எச்.சை நுரையீரலும் சிறுநீரகமும் பைகார்பனேட்டும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கின்றன. மோர் குடித்தால் ரத்தம் புளிக்காது. காரத் தண்ணீர் குடித்தால் கட்டியின் புளிப்பு போகாது.

அந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை மாட்டுக்காரர்கள் அறிவார்கள். ஆடியில் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவுக்கு மாடும் குதிரையும் வந்து குவியும் ஊர் எங்கள் அந்தியூர். பொங்கலன்று பாசத்தால் மாட்டுக்கு அளவுக்கு மீறிப் பொங்கல் ஊட்டிவிட்டால், முதல் வயிற்றில் பாக்டீரியாக்கள் அந்த மாவுச்சத்தை வேகவேகமாக லாக்டிக் அமிலமாக்கிவிடும். வயிற்றுச் சுவர் வெந்து அழற்சி காணும். அமிலம் ரத்தத்துக்கும் ஏறும். மாடு தீனி எடுக்காமல் படுத்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்புக் கொடுத்து, நீர் ஏற்ற வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் பொங்கல் நேரத்தில் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதற்காகத்தான். ஓரிடத்துப் புளிப்பு சேதி. உடம்பு முழுக்கப் புளித்தால் அது விபத்து.

பற்றைப் பற்றியும் ஒரு சொல். கட்டியோடு காய்ச்சல் இருந்தாலும், சிவப்பு பரவினாலும், சர்க்கரை நோய் உள்ளவருக்கு வந்தாலும், கொட்டாங்குச்சியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாயி இரவு படுக்கும் முன் மாவுக் குண்டாவைத் திறந்து, விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கோடையில் அது சீக்கிரம் ஏறிவிடும். "போதும், இதுக்கு மேல விட்டா பொளிச்சுப்போயிரும்" என்று சொல்லி, குண்டாவைத் தண்ணீர்த் தட்டில் இறக்கி வைப்பார். அந்த நேரத்தில் என் முழங்காலுக்குள்ளும் கோடிக்கணக்கான விரல்நுனிகள் அதையே செய்துகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்து, இன்னும் வேண்டுமா போதுமா என்று முடிவு செய்துகொண்டிருந்தன. நாலைந்து நாளில் கட்டி உடைந்து, சூடு தணிந்து, பற்று சிவப்புச் சருகாக உதிர்ந்தது. பற்றுதான் ஆற்றியது என்று நான் வெகுகாலம் நம்பினேன். சரியான நேரத்தில் போதும் என்று சொன்ன செல்களுக்கு அன்று யாரும் நன்றி சொல்லவில்லை. இன்று சொல்லிக்கொள்கிறேன்.